தர்மபுரத்தில் ஒத்திவைத்த கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. போய் வந்து மூன்று நாளாகிறது. நேற்றுத்தான் ஒழுங்காக நித்திரை வந்தது. இந்தத் தளத்தில் வழக்கமாகக் குளம், கோயில், கடற்கரை என்று எழுதுகிறவள் நான். இந்த முறை போனது ஒரு கூட்டத்துக்கு. ஆனாலும் பஸ் நேரம், கட்டணம் எல்லாம் வழமைபோலக் குறித்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

ரிஸ்னா என் பல்கலைக்கழகத் தோழி. ஒரே விடுதி அறை, ஒரே வாளி. இப்போது செட்டிகுளப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அரசியல் படிப்பிக்கிறாள். முதுகலைக்கு அவள் எடுத்த தலைப்பு இதுதான்: மதத்தை முன்வைத்து வளர்ந்த இஸ்லாமிய அரசியல் இயக்கங்கள் ஆட்சிக்கு வந்தபின் எப்படி ஆளுகின்றன, சுற்றியுள்ள நாடுகள் பற்றி எரியும்போது அவை என்ன செய்கின்றன. நாலு வருடம் அதிலேயே கிடந்தாள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வீடு வீடாகப் பொலிஸ் சோதனை நடந்தபோது அவளுடைய மேசையில் அரபு எழுத்துப் போட்ட புத்தகங்கள் இருந்தன. பாதிக்கு மேல் அந்த இயக்கங்களைக் கிழித்துத் தொங்கவிட்ட புத்தகங்கள். அதை யார் வாசித்துப் பார்த்தார்கள்! புத்தகங்களும் போயின, தம்பியும் போனான். தம்பி பதினொரு நாளில் வந்தான், புத்தகங்கள் வர ஐந்து மாதம் எடுத்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த விஷயத்தைப் பற்றி வீட்டுக்கு வெளியே வாய் திறக்கவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் எல்லாம் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பேசினார்கள், தெரிந்த ஒருத்தி செட்டிகுளத்தில் பேசாமல் இருந்தாள். எனக்கு அது ஆறவே இல்லை.

இப்படியிருக்கத் தர்மபுரத்திலிருந்து பெருமாள் அண்ணையின் அழைப்பு வந்தது. அவர் அங்கே ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பம். போன வருடப் பயணத்தில் பழக்கமானவர். "தங்கச்சி, எங்கட பிள்ளையள் வீட்டுக்கு ஒண்டு எண்டு குவைத், கட்டார் எண்டு நிக்குதுகள். டிவியில பாத்தா அந்தப் பக்கமெல்லாம் ஏவுகணையாப் பறக்குது. அங்க யார் ஆளுறாங்கள், ஏன் அடிபடுறாங்கள் எண்டு விளங்கப்படுத்த ஒராள் வேணும்" என்றார். என் வாய் எனக்கு ஒரு முழம் முன்னால் நடக்கும். ரிஸ்னாவின் பேரைச் சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டு கிழமை மாட்டேன் என்றாள். பிறகு, "நீ வந்து கூட்டிக்கொண்டு போய், நீயே திருப்பிக் கொண்டுவந்து விடவேணும். அப்பிடியெண்டா வாறன்" என்றாள். அவளுக்கு அரசாங்க வேலை. தம்பிக்கு வவுனியாவில் கடை, பழைய விசாரணையில் பேர் பதிந்த பிள்ளை. கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தையைத் திரித்துப் பொலிசில் சொன்னால் போதும். அப்படி நடந்தால் காரணம் நான். பயணப்பையில் பனடோல் மாத்திரையும் வயிற்றோட்டத்துக்கான ஜீவனிப் பொடியும் இரண்டு மடங்காக வைத்தேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை கழித்து வந்த வெள்ளிக்கிழமை, பகல் 1.15க்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். வவுனியா 141 கிலோமீற்றர், கட்டணம் 520 ரூபா, இறங்கும்போது 4.40. செட்டிகுளம் பஸ் 5.10க்கு, 140 ரூபா, ஒரு மணித்தியாலம். வலப்பக்க இருக்கை எடுத்தால் வெயில் முகத்தில் அடிக்கும், பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டாம்.

ரிஸ்னாவின் உம்மாவுக்கு அறுபது ஆகவில்லை. தையல் மெஷினை விட்டு எழும்பாமலே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா கூட்டிட்டுப் போறது?"

"ஓம் உம்மா."

"படிச்சதை உள்ளுக்குள்ள வச்சிருந்தா யாருக்கும் நட்டமில்ல. போய்ச் சொல்லித்தான் ஆகணுமா?"

தேத்தண்ணியைக் குடித்தேன். அன்றிரவு மீன் குழம்பு நன்றாக இருந்தது, ஆனால் உம்மா என்னோடு அதற்கு மேல் கதைக்கவில்லை.

சனிக்கிழமை காலை 5.15க்குச் செட்டிகுளம், 6.35க்கு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி பஸ். 76 கிலோமீற்றர், 280 ரூபா. ரிஸ்னா ஆறு பக்கத்தில் பேச்சு எழுதியிருந்தாள். பஸ் ஓட ஓடப் பேனையை எடுத்து வெட்டினாள். "இது தேவையில்ல." "இதைப் பிழையா விளங்கிடுவாங்க." புளியங்குளத்தில் ஒரு பக்கம் போனது, மாங்குளம் வரும்போது ஆறு மூன்றாகிவிட்டது. "இப்பிடியே போனா கிளிநொச்சியில இறங்கேக்க வணக்கமும் நன்றியும்தான் மிஞ்சும்" என்றேன். சிரித்தாள், ஆனால் இன்னொரு வரியையும் வெட்டினாள்.

கிளிநொச்சியில் 8.10. அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ் 8.30க்கு, தர்மபுரத்துக்கு 90 ரூபா, முப்பத்தைந்து நிமிடம். சந்தியில் பெருமாள் அண்ணை ஆட்டோவோடு நின்றார். உள்ளே மூன்று கிலோமீற்றர், 350 ரூபா. காலபோக நெல் வெட்டு முடிந்த வயல்கள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன, வாய்க்கால் ஓரமாக மாடுகள். மலையகத்துக் குடும்பங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர்.

"டீச்சர், சாப்பாடு சைவம்தான். சட்டி பானை எல்லாம் கோயில் சாமான், இறைச்சி படாதது. யோசிக்காமச் சாப்பிடுங்க" என்றார் பெருமாள் அண்ணை முதல் வேலையாக. ரிஸ்னாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. உடனேயே, "பொலிசுக்கும் கடிதம் குடுத்திட்டன்" என்றார். என் தோள் ஏறியது.

"ஏன் அண்ணை குடுத்தனீங்கள்?"

"எல்லாக் கூட்டத்துக்கும் குடுக்கிறதுதானே. தெருவில திரியிற கட்டாக்காலி மாட்டைப் பற்றின கூட்டத்துக்கும் குடுத்தனான்."

சொல்லி வாய் மூடவில்லை, மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். ரிஸ்னா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்த தடம் இன்றைக்கும் இருக்கிறது. அவர் பிளேன்ரீ ஒன்று குடித்தார், சீனி காணாது என்றார், பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார், போய்விட்டார். பேச்சின் தலைப்பைக்கூட அவர் கேட்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியில் அந்த மனுசனுக்கு இன்னொரு கரண்டி சீனியை நானே போட்டிருப்பேன்.

ஆனால் பயந்தாங்கொள்ளிக்கு ஒரு பயம் போனால் இன்னொன்று வேண்டும். ஒலிபெருக்கி பூட்டிக்கொண்டிருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் ரிஸ்னாவைப் பார்ப்பதுமாக இருந்தார். கைத்தொலைபேசியை மேசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தார். பேச்சைப் பதிவு செய்யப் போகிறார் என்று எனக்குப் பட்டது. யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்? ரிஸ்னாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மிஞ்சிய மூன்று பக்கமும் போய்விடும்.

பத்து மணிக்குத் தொடங்கியது. அறுபது பேர் அளவில், பாதிக்கு மேல் பெண்கள். இந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த கூட்ட முறை ஒன்றே ஒன்றுதான், நெற்போகத்துக்கு முன்னர் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தின் முறை. குளத்தில் எவ்வளவு தண்ணீர், யார் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். அந்த முறையிலேயே இதையும் நடத்தினார்கள். கேள்வி கேட்பவர் எழும்பிப் பேர், வாய்க்கால் இலக்கம், ஏக்கர் சொல்ல வேண்டும். பெருமாள் அண்ணை எல்லாவற்றையும் ஒரு தடித்த கூட்டப் புத்தகத்தில் எழுதுவார். மத்திய கிழக்கு அரசியலுக்கும் ஏக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ரிஸ்னா எழும்பினாள். "நான் புத்தளத்தில அகதி முகாமில பிறந்தனான். எங்கட உம்மா தண்ணீரூற்று" என்று தொடங்கினாள். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் 1990இல் வெளியேற்றிய கதை அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் அவள் அதைச் சொல்லவில்லை, பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதை என்னால் முடிந்த அளவில் தருகிறேன். ஆட்சிக்கு வெளியே இருக்கும்போது இந்த இயக்கங்கள் இலவசமாக மருந்து கொடுக்கும், வெள்ளம் வந்தால் அரசாங்கத்துக்கு முன்னால் சாப்பாட்டோடு போய் நிற்கும். சனம் நம்பியது வெறும் மதத்துக்காக மட்டும் இல்லை, அந்தச் சாப்பாட்டுக்காகவும்தான். ஆட்சிக்கு வந்த மறுநாள் காலையில் அதே சனம் ரொட்டி, பாண் விலையைக் கேட்கும். குப்பையை யார் அள்ளுவது, கரண்ட் ஏன் நின்றது என்று கேட்கும். பக்தி இருந்தால் மட்டும் குப்பை அள்ளுப்படாது. எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. துனிசியாவில் தேர்தலில் வென்று வந்தவர்கள் நாடு கொதித்தபோது எதிராளிகளோடு இருந்து பேசி இடைக்கால அரசொன்றுக்கு வழிவிட்டார்கள். எகிப்தில் வென்றவர்கள் எல்லாவற்றையும் தங்கள் கைக்குள் எடுக்கப் பார்த்தார்கள் என்று சனம் தெருவுக்கு வந்தது, ஒரு வருடத்தில் இராணுவம் தூக்கி எறிந்தது. ஆப்கானிஸ்தானில் துவக்கோடு தலைநகருக்குள் வந்தவர்கள் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூடினார்கள்.

"பக்கத்து நாட்டில சண்டையெண்டா ஆளுறவைக்குக் கஷ்டம்தான். அகதி வரும், சாமான் விலை ஏறும், ஆயுதம் வரும். ஆனா அதில ஒரு வசதியும் இருக்கு. எதைக் கேட்டாலும், 'இது அதுக்கு நேரமில்ல, சுத்திவர எதிரி நிக்கிறான், பொறுங்கோ' எண்டு சொல்லலாம்."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. சத்தமான சிரிப்பில்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. அந்த வசனத்தைத் தங்கள் வாழ்நாளில் வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டவர்கள் அவர்கள். எந்த வாய் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரிஸ்னா முதல் தடவையாகத் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். வெட்டிய மூன்று பக்கத்தையும் தாளில்லாமலே சொல்லத் தொடங்கினாள். நான் பின்னால் இருந்து கண்ணைத் துடைத்தேன். ஆம், அழுதேன், வெட்கமில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு அக்கா எழும்பினார். "புஸ்பம். நாலாம் வாய்க்கால், ஒண்டரை ஏக்கர். ஆளுறவை பிழை விட்டா அங்கத்தச் சனம் ஆரிட்டப் போய்ச் சொல்லும்?"

"நாலு வருசம் நான் தேடினது அதைத்தான் அக்கா" என்றாள் ரிஸ்னா. "ஆளுற ஆள் தொப்பி போட்டிருக்கோ, திருநீறு பூசியிருக்கோ, கோட்டுப் போட்டிருக்கோ எண்டு பாக்கிறதில பிரயோசனம் இல்ல. நீங்கள் சொல்லுற குறையை வாங்கி எழுதிற புத்தகம் ஒண்டு அங்க இருக்கோ, எழுதினதுக்குப் பிறகு நீங்கள் பத்திரமா வீட்ட போகலாமோ, அதைப் பாருங்கோ." பெருமாள் அண்ணை தன் கூட்டப் புத்தகத்தை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் ஒலிபெருக்கிக்காரர் எழும்பினார். நான் மேசையிலிருந்த கைத்தொலைபேசியைப் பார்த்தேன்.

"தவராசா. ஏழாம் வாய்க்கால், ரெண்டு ஏக்கர்." தொண்டையைச் செருமினார். "டீச்சர், உங்கட அம்மா தண்ணீரூற்று எண்டு சொன்னீங்கள். தொண்ணூறில நான் அதுக்குப் பக்கத்து முள்ளியவளையில ஒரு ஸ்பீக்கர் கடையில நிண்டனான். கோயில் திருவிழாவுக்கெல்லாம் என்ர குரல்தான். ஒருநாள் வாகனத்தில மைக் கட்டச் சொன்னாங்கள். தாள் ஒண்டைத் தந்து வாசி எண்டாங்கள். முஸ்லிம் சனம் எல்லாம் வெளிக்கிட வேணும் எண்டு தெருத்தெருவா அறிவிச்சது நான்தான். ஆரிட்டயும் போய்ச் சொல்லேலாமல் இருந்தது. உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

அறுபது முகமும் ரிஸ்னாவின் பக்கம் திரும்பின. வரும் வழியெல்லாம் நான் எத்தனையோ விதமாகப் பயந்தேன், இப்படி ஒன்றை நினைக்கவில்லை. மன்னித்தேன் என்று சொன்னால் அவ்வளவு லேசா அது? இல்லையென்று சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் ஒரு மனுசனை உடைத்ததாகிவிடும். அவள் கையிலிருந்த தாளை மடித்தாள், மறுபடி விரித்தாள். அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தவள் நான்.

பெருமாள் அண்ணை பேனையால் மேசையில் தட்டினார். "தவம், இரு. டீச்சர், நீங்களும் இருங்கோ. இது ஒத்திவைப்பு."

எனக்கு விளங்கவில்லை. பக்கத்திலிருந்த புஸ்பம் அக்காதான் சொன்னார். முன்னொரு காலத்தில் தண்ணீர்ச் சண்டை ஒன்று கேட்ட அன்றே பதில் சொல்லப்போய் மண்வெட்டி வெட்டில் முடிந்ததாம். அன்று தொடக்கம், ஆளை நோகப்பண்ணக்கூடிய கேள்விக்கு இந்த ஊரில் அன்றே பதில் கிடையாது. கேட்டவர் பேரோடு புத்தகத்தில் ஏறும், அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுக்கப்படும். அதுவரைக்கும் தெருவிலோ கடையிலோ வைத்து, பதில் என்ன என்று எவரும் கேட்கக் கூடாது.

ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். பெருமாள் அண்ணை அடுத்த கூட்டத் திகதியோடு எழுதினார், தவராசா அண்ணை வந்து கையெழுத்து வைத்தார். அவருடைய கேள்வி மறுக்கப்படவில்லை, பதியப்பட்டிருக்கிறது. அவருக்கு அது போதுமாயிருந்தது போலிருக்கிறது, வயர் சுற்றும்போது ஆள் தளர்ந்து மூச்சுவிட்டார். அந்தக் கைத்தொலைபேசி எதையும் பதியவில்லை, சார்ஜில் போட்டிருந்தது. ரிஸ்னா ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

சோறு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் கிளிநொச்சியில் ஆட்டோ பிடித்து இரணைமடுக் குளத்துக்குப் போனோம், போய்வரக் காத்திருப்போடு 1,800 ரூபா. அணைக்கட்டில் காற்று சீலையைப் பிடுங்கியது. வள்ளத்தில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்னா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

"நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லேல்ல, கவனிச்சியா?"

"ஓம்."

"சொல்லச் சொல்லி ஒருத்தரும் நெருக்கவும் இல்ல. அப்பாடா எண்டு இருக்குடி."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. குண்டு போடாத, கடிதம் கொடுத்து நடக்கிற, ஏக்கர் சொல்லிக் கேள்வி கேட்கிற ஒரு கூட்டம் இவ்வளவு பெரிய சுமையை ஏந்தும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பெரிய நாடுகளை ஆளப் புறப்பட்ட இயக்கங்களுக்கு இல்லாத ஒன்று அந்தத் தடித்த புத்தகத்தில் இருக்கிறது என்று ரிஸ்னா சொன்னாள். அதை அவள் கட்டுரையாக எழுதட்டும், எனக்குப் பஸ் நேரம்தான் எழுதத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தர்மபுரத்தில் தங்குமிடத்தை நம்பிப் போக வேண்டாம், கிளிநொச்சியில் தங்குங்கள். பங்குனி வெயில் பொல்லாதது, பதினொன்று முதல் மூன்று வரை அணைக்கட்டில் நடக்க வேண்டாம், நாங்கள் நடந்து தலையிடி வாங்கினோம். செட்டிகுளத்துக்கு வவுனியாவிலிருந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் குறைவு, முன்கூட்டியே விசாரியுங்கள். ஊர்க்காரரோடு கதைக்கும்போது பழைய காலத்தை நீங்களாகத் தோண்ட வேண்டாம், சொல்ல வேண்டியவர்கள் தாங்களாகவே சொல்வார்கள்.

இனி, செட்டிகுளம். இதை நடுவில் எழுத மனம் வரவில்லை.

ஏழு மணிக்கு வீடு சேர்ந்தோம். உம்மா வாசல் படலையிலேயே நின்றார். மகளைத் தலை தொடக்கம் கால் வரை பார்த்துவிட்டு, எனக்கு முதலில் தேத்தண்ணி தந்தார். ரிஸ்னா எல்லாவற்றையும் சொன்னாள், பொலிஸ்காரரின் சீனி வரைக்கும். தவராசா அண்ணையைச் சொன்னபோது உம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"மெல்லிசான குரல். நடுவில நடுவில கரகரக்கும். அதுவா?"

"ஓம் உம்மா. இப்ப கொஞ்சம் தடிச்சிருக்கு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல. ஒத்திவச்சிட்டாங்க."

உம்மா நீளமாக மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். எனக்கு வர வேண்டிய கேள்விக்கு நீ பதில் சொல்லிட்டு வந்திடுவியோ எண்டு பயந்திட்டன். அந்த அறிவிப்பைக் கேட்டுக்கிட்டு ரோட்டில நடந்தது நான். நீ அப்ப வயித்துக்குள்ள."

மடித்த துணியை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த கூட்டம் எப்ப?" என்றார்.

"நாலு கிழமையில உம்மா."

"அப்ப நானும் வாறன்."

ரிஸ்னா அவருடைய கையைப் பிடித்தாள். "வந்து என்ன சொல்லப் போறீங்க?"

"அதுக்குத்தானே நாலு கிழமை இருக்கு" என்றார் உம்மா.